வெள்ளைப்பாறைக்குப் போட்ட பூட்டு

சென்ற மழைக்காலத்தில், நான் வேலை பார்த்த தோட்டக் கம்பனியின் ஹட்டன் அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, நான் கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்கள். அப்புறம் மூத்தவள் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, ஆபிசுக்கு வேற வி.பி.என். போடப் போறாங்க. மின்னஞ்சலும் வேற கம்பனிக்கு மாத்தணுமாம். எது பாதுகாப்புன்னு எங்கள எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. மொதமொத போட்டது நீங்கதானாமே?"

"ஆமா."

இளையவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வெள்ளைப்பாறை ஸ்டோரு விசயத்த வெளியில விட்டதும் நீங்கதானாமே?"

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. கண்களில் பெரிய மரியாதை தெரிந்தது. நான் செய்யாத ஒரு காரியத்துக்காக அந்த அலுவலகத்தில் இன்னும் எனக்குப் புகழ் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. என் சொந்தத் தங்கை வீட்டில் எனக்கு இதற்கு நேரெதிரான பெயர். இரண்டும் தவறு என்பதை யாரிடமும் நிரூபிக்க முடியாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். ஆகவே எழுதி வைக்கிறேன்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்து, ஹட்டனில் தட்டெழுத்துப் படித்து, தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து கம்பனிகளின் கைக்கு மாறிய தொண்ணூறுகளில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் தொலைபேசி, பிறகு தட்டெழுத்து, பிறகு ஃபாக்ஸ். கடைசியில் கணினி வந்ததும், அலுவலகத்தில் அதைத் தொடப் பயப்படாத ஆள் நான் ஒருத்திதான் என்பதால் என்னைக் கண்டிக்குச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே படித்ததில் பாதி, இயந்திரம் நின்றுவிட்டால் அணைத்து மறுபடி போடுவது. மீதிப் பாதியை அலுவலகத்தில் தவறு செய்து கற்றுக்கொண்டேன்.

ரகசியம் என்றால் என்ன என்பதைக் கற்றது குலசிங்கம் ஐயாவிடம். அவர் எங்கள் தலைமை எழுதுவினைஞர், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, யாரையும் "நீர்" என்று அழைக்கும் பேச்சு. அவருடைய மேசையில் எந்தத் தாளும் முகம் மேலே பார்த்துக் கிடக்காது. யாராவது உள்ளே வந்தால் பேசிக்கொண்டே தாள்களைக் கவிழ்ப்பார். தோட்டத்தை நடத்தும் துரை வந்தாலும் கவிழ்ப்பார். வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரம் பாவித்த காபன் தாள்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு அலுவலகத்துக்குப் பின்னால் எரிப்பார். வெளிச்சத்தில் பிடித்தால் காபனில் கடிதம் முழுவதும் வாசிக்கலாம் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். மழை நாளில் தகரத்துக்கு மேல் குடை பிடிக்கும் வேலை என்னுடையது. அவர் நனைவார், நெருப்பு நனையாது.

"பிள்ளை, கடிதத்தைப் பூட்டிறது பெரிய வேலையில்லை. கடிதம் எழுதினதால நடக்கிற காரியத்தை எங்க பூட்டப் போறீர்?" என்று ஒருமுறை சொன்னார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. விளங்கியபோது மிகவும் தாமதமாகியிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தோட்டங்களுக்கெல்லாம் மின்னஞ்சல் வந்தது. துரைமார் ஆளுக்கொரு இலவச முகவரி எடுத்துக்கொண்டார்கள். ஒருவருடைய கடவுச்சொல் அவருடைய நாயின் பெயர். அந்தப் பெயரை அவர் பங்களாவிலிருந்து காலையும் மாலையும் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கூவிக்கொண்டிருந்தார்.

எங்கள் பிராந்தியத்துக்குப் பொறுப்பான பெரிய துரை சிங்களவர், நல்ல மனிதர். கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தார். போகும்போது தேயிலை விலையைப் பற்றிக் கவலைப்பட்டவர், வரும்போது கணினித் திருடர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். வெளிநாட்டில் யாரோ நம் கொழுந்துக் கணக்கைக் களவாடப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. எல்லாத் தோட்டங்களையும் வி.பி.என். போட்டு இணைக்க வேண்டும், மிக ரகசியமான கடிதங்களுக்கு வேறொரு பாதுகாப்பான மின்னஞ்சல் வேண்டும் என்று உத்தரவு. தெரிவு செய்யும் வேலை எனக்கும் குலசிங்கம் ஐயாவுக்கும்.

வி.பி.என். விற்க ஓர் இளைஞர் கழுத்துப்பட்டியோடு வந்தார். வெள்ளைப் பலகையில் ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் கொழும்பு, நடுவில் ஒரு குழாய் வரைந்தார். "இது சுரங்கப்பாதை. உங்கள் கடிதம் இதற்குள் போகும். வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது" என்றார்.

பெரிய துரை மகிழ்ந்து போனார். "நம்ம சிங்கமலை ரயில் சுரங்கம் மாதிரி!"

குலசிங்கம் ஐயா கையை உயர்த்தினார். "தம்பி, சுரங்கத்துக்குள்ள கோச்சி போகேக்க ஆரும் பாக்கேலாது, சரி. ஆனா இந்தப் பக்கம் கொட்டகலை ஸ்டேஷன், அந்தப் பக்கம் ஹட்டன் ஸ்டேஷன். ரெண்டிலயும் சனம் நிக்குது. அதுக்கு என்ன செய்யிறீர்?"

இளைஞர் சிரித்துவிட்டு விலைப்பட்டியலைக் கொடுத்தார்.

மின்னஞ்சலைத் தெரிவு செய்தபோதும் ஐயா இப்படித்தான். நான் ஒவ்வொரு சேவையையும் பற்றி அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எவ்வளவு இடம் தருகிறார்கள், என்ன வேகம் என்பதையெல்லாம் அவர் தாண்டிப் போய்விடுவார்.

"பிள்ளை, வாசிச்சு முடிச்ச கடிதம் ராவில ஆரின்ர வீட்டில படுக்குது?"

"அவங்க கணினியிலங்க ஐயா. வெளிநாட்டுல."

"திறப்பு ஆரிட்ட?" சாவியைத்தான் கேட்டார்.

"நம்மகிட்டயும் இருக்கு, அவங்ககிட்டயும் இருக்குங்க."

"அப்ப அது எங்கட பெட்டி இல்லை. அடுத்ததைப் பாரும்."

இலவசச் சேவைகளை அவர் தொடவே இல்லை. "சும்மா தாறவன் வேற எதையோ வேண்டிக்கொண்டுதான் தாறான்" என்பார். கடைசியில் ஒரு சேவை கிடைத்தது. கடிதங்கள் பூட்டப்பட்டே கிடக்கும். நடத்துபவர்களாலேயே வாசிக்க முடியாது. கடவுச்சொல்லை மறந்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது. ஐயாவுக்கு முழுத் திருப்தி. பெரிய துரைக்குத்தான் முகம் வாடியது.

"மிஸ், நான் மறந்துபோனால் யாரிடம் கேட்பது?"

"யார்கிட்டயும் கேட்க ஏலாது சார்."

"உங்களிடமும்?"

"என்கிட்டயும்தான் சார்."

யாராலும் திறக்க முடியாத பூட்டும் வேண்டும், தனக்கு மட்டும் யாராவது திறந்து கொடுக்கவும் வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்குப் பின் நான் கண்ட எல்லாப் பெரிய மனிதர்களும் அதையேதான் கேட்டார்கள்.

மூன்று பேருக்கு அந்தப் பெட்டியைத் திறந்தோம்: கொழும்பில் ஒரு பணிப்பாளர், பெரிய துரை, வெள்ளைப்பாறைத் தோட்டத்துத் துரை. பெரிய துரையும் தோட்டத்துத் துரையும் எங்கள் அறைக்கு வந்துதான் கடவுச்சொல் போட்டார்கள். ஐயாவின் கட்டளைப்படி, அவர்கள் தட்டி முடிக்கும்வரை நான் கணினிக்கு முதுகைக் காட்டி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்ச் சுவரில் ஒரு சீமெந்து விளம்பரம். அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வி.பி.என். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. மழை தொடங்கியதும், மரம் விழுந்து தொலைபேசிக் கம்பி அறுகிற போதெல்லாம் சுரங்கமும் இடிந்து விழுந்தது. உடனே தோட்டத்துத் துரைமார் கைத்தொலைபேசியில் என்னைக் கூப்பிடுவார்கள். "மிஸ், கொழும்பிலிருந்து எனக்கு ஒரு ரகசியக் கடிதம் வந்திருக்குமே, கொஞ்சம் வாசியுங்கள்." வி.பி.என்.னோடு சேர்த்துப் போட்ட கம்பனியின் பொது மின்னஞ்சலுக்கு நான் பொறுப்பாளி என்பதால் அதை என்னால் திறக்க முடியும். வாசிப்பேன். "கேட்கவில்லை, சத்தமாக!" என்பார்கள். சத்தமாக வாசிப்பேன். கீழே பேக்கரியில் பாண் வாங்க நின்றவர்களுக்கும் நன்றாகக் கேட்கும். அந்த மூவரின் தனிப்பெட்டி மட்டும்தான் இதில் அகப்படாமல் தப்பியது. அதை என்னால் திறக்க முடியாதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப்பாறையில் இருக்கும் என் தங்கை ராணி வீட்டுக்குப் போனேன். அவள் கொழுந்து பறிப்பவள். அவள் புருஷன் முருகையாவுக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோரு என்பார்கள். பிள்ளைகளுக்குப் பேக்கரியில் பணிஸ் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ராணி பையை வாங்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு, எங்கள வேடிக்க பாத்துக்கிட்டு இருந்திருக்கியே அக்கா."

"என்னாடி சொல்ற?"

"ஸ்டோர மூடப் போறாங்க. மெசினெல்லாம் கழட்டி வேற தோட்டத்துக்குக் கொண்டுபோறாங்களாம். ஒனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுடி."

"கம்பியூட்டர் கடுதாசி எல்லாம் ஒன் கைவழியாத்தான போகுது?"

"இதுக்குன்னு தனிப் பெட்டி வெச்சிருக்காங்க போல. அத என்னால தொறக்க முடியாது."

"அந்தப் பெட்டிய யாரு போட்டது?"

"நாந்தான்."

ராணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா? பூட்டுப் போட்டவளுக்குச் சாவி கெடையாதாம்."

முருகையா அமைதியான மனிதர். அவர்தான் எனக்கு ஒரு பலகையை இழுத்துப் போட்டார். "மதினி, ஒங்களுக்குத் தெரியாதுன்னா நம்புறேன். ஆனா இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

"எப்பிடிங்க? யார் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. தேயிலை காய வைக்கிற அடுப்புக்கு மழைக்கு முன்னாடியே வெறகு வந்து எறங்கணும். இந்நேரம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கணும். லொறியே வரல. வெறகுக்காரர்கிட்ட தொரையே போன் பண்ணி வேணாம்னுட்டாராம். அப்பறம் கொழும்புலருந்து ஒருத்தரு வந்தாரு. மெசின அளந்தாரு, சரி. அப்பறம் கதவ அளந்தாரு. மெசின் பாக்க வந்தவரு எதுக்குங்க கதவ அளக்கணும்?"

வெளிநாட்டுப் பூட்டு, சுரங்கப்பாதை, சீமெந்து விளம்பரம் எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. கடிதம் பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அது சொன்ன காரியங்கள் எல்லாம் லொறியிலும் அளவு நாடாவிலும் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தன. கம்பனியின் ரகசியம் ஒரே ஓர் ஆளிடமிருந்துதான் காப்பாற்றப்பட்டிருந்தது. அந்த ஆள் நான்.

பணிஸ் பையைப் பலகையிலேயே வைத்துவிட்டு வந்தேன். ராணி வாசல்வரைகூட வரவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பெரிய துரை கூப்பிட்டார். முந்தின நாள் மாலையே வெள்ளைப்பாறைத் தொழிலாளர்கள் ஸ்டோர் வாசலில் கூடி உட்கார்ந்துவிட்டார்களாம். அவர் முகம் சிவந்திருந்தது.

"மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் மிஸ். இது எப்படி லயத்துக்குப் போனது?"

"எனக்குத் தெரியாது சார். எனக்கே நேத்துதான் தெரியும்."

"யார் சொன்னது?"

"என் தங்கச்சி சார்."

"தங்கை எங்கே இருக்கிறாள்?"

"வெள்ளைப்பாறையில."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கொழும்பிலிருந்து கணக்காய்வாளர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. என் கணினியைத் திறந்து, யார் எந்த நேரத்தில் உள்ளே வந்தார்கள், எதைத் திறந்தார்கள் என்று வரிவரியாகப் பார்த்தார். வேலை போனால் ஹட்டனில் வாடகை வீடு, அம்மாவின் மருந்து, எல்லாம் போகும். திருடியிருந்தால்கூட என்ன திருடினேன் என்று தெரிந்து பயப்பட்டிருக்கலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை.

குலசிங்கம் ஐயாவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். கறுப்புக் குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டு நின்றபடியே பேசினார்.

"அவையள் கடவுச்சொல் போடேக்க இந்தப் பிள்ளை யன்னலைப் பாத்துக்கொண்டு நிண்டது. நான் பக்கத்தில நிண்டனான். இதுக்கு மேல எனக்கொண்டும் தெரியாது. தெரியாததை நான் சொல்லமாட்டன்."

"இதை எங்காவது பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று கணக்காய்வாளர் கேட்டார்.

"யன்னலைப் பாத்ததையோ? இல்லை."

என் முறை வந்தபோது முருகையா சொன்னதையெல்லாம் சொன்னேன். விறகு, லொறி, கதவு. கணக்காய்வாளர் கவனமாகக் கேட்டார். எழுதுகோலைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"மிஸ், நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் ஆராய வந்தது மின்னஞ்சலையும் வலையமைப்பையும். விறகு வலையமைப்பில் இல்லையே."

அறிக்கை வந்தது. தகவல் கசிந்த வழியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் விலை கூடிய வி.பி.என். வாங்க வேண்டும், முன்னெச்சரிக்கையாக நிர்வாகப் பொறுப்பை என்னிடமிருந்து தற்காலிகமாக எடுத்து அதிகாரி ஒருவரிடம் கொடுக்க வேண்டும். வேலை தப்பியது. பொறுப்பு பெரிய துரையிடம் போனது. அவருக்கு அதை இயக்கத் தெரியாது. மறு வாரமே கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு, "மிஸ், கொஞ்சம் செய்து கொடுங்கள்" என்று கடவுச்சொற்களை ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிக் கொடுத்தார். முன்பு என்னிடம் இல்லாத திறப்புகளும் அதில் இருந்தன. நம்பிக்கைக்கு உரியவளாக இருந்த காலத்தில் எனக்குக் கிடைக்காதவை, சந்தேகத்துக்கு உரியவளானதும் கிடைத்தன. அட்டையை ஐயாவின் பிஸ்கட் தகரத்தில் போட்டேன்.

வெள்ளைப்பாறையில் ஆட்கள் ஸ்டோர் வாசலைவிட்டு எழும்பவில்லை. கோஷம் இல்லை, கல்வீச்சு இல்லை. மெசினைக் கொண்டுபோக வந்த லொறி வாசலில் நின்றது. பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ராணியும் அங்கேதான் இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அறிவிப்பதாகக் கம்பனி போட்ட திட்டம் கெட்டுப்போனது. கடைசியில் ஸ்டோரில் வேலை செய்த எல்லோருக்கும் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் வேலை, காலையும் மாலையும் ஏற்றி இறக்க ஒரு வாகனம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகே லொறி உள்ளே போனது. மெசினை வெளியே எடுத்தபோது ஒரு கதவை இடித்தார்களாம். அளந்தது போதவில்லை.

பெரிய துரை பதவி உயர்வோடு கொழும்புக்குப் போனார். குலசிங்கம் ஐயா ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். போகிற அன்று, "பிள்ளை, இனி ஆர் கேட்டாலும் முதலில, ஆரிட்டையிருந்து மறைக்கப் போறியள் எண்டு கேளும். அதுக்குப் பிறகு பூட்டைத் தேடும்" என்றார். என்னைத் தேடி வந்த இரண்டு பெண்களுக்கும் நான் இதைத்தான் சொன்னேன். கம்பனிகளின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். கடிதம் எங்கே கிடக்கிறது, திறப்பு யாரிடம், வி.பி.என். விற்பவன் உங்களைப் பற்றி என்ன குறித்து வைக்கிறான், அவனுக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று கேளுங்கள் என்றேன். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஏதாவது பெயர் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

வெள்ளைப்பாறை விஷயம் என்னால் வெளியே வரவில்லை என்றும் சொன்னேன். இளையவள், "புரியுதுங்க அக்கா, வெளியில சொல்ல மாட்டோம்" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

ராணி பல மாதங்கள் என்னோடு பேசவில்லை. பிறகு தீபாவளிக்கு வந்து போகிற அளவுக்குச் சரியானது. நான் அவளுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். "சரிக்கா, நீ சொன்னா சரி" என்பாள். நம்பவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரியும். தெரியாது என்பதை எப்படித்தான் காட்டுவது? தெரியும் என்பதற்கு ஆயிரம் அடையாளம் காட்டலாம். தெரியாததற்கு வெறும் கைதான்.

சில வருடங்கள் போன பிறகு ஒருநாள் காலை, முன்னறிவிப்பு இல்லாமல் ஹட்டனுக்கு வந்தாள். வேலைக்குப் போகவில்லை, முருகையாவிடம் டவுனுக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். கதவைத் தானே சாத்தினாள். உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"என்னாடி?"

"அக்கா, ஒரு விசயம். இத அவருகிட்டயும் சொல்லல, புள்ளைங்ககிட்டயும் சொல்லல. பக்கத்து வீட்டுல சொன்னா அடுத்த நாளு மலை பூரா தெரிஞ்சிடும். ஒன்கிட்ட மட்டுந்தான் சொல்லலாம்."

"ஏன் என்கிட்ட?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இல்லை.

"ஸ்டோரு மூடுறத கூடப்பொறந்தவகிட்டயே சொல்லாம நெஞ்சுக்குள்ள வெச்சிருந்தவ நீ. ஒன்கிட்ட சொன்னா வெளியில வராது."

எனக்கு அப்போது தெரியாதுடி என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பாள். எழுந்து யன்னலையும் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன்.

சொன்னாள். அழுதாள். அன்றே இருவரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினோம். அதன் பிறகும் பல தடவை போனோம். இப்போது நன்றாக இருக்கிறாள். அவள் சொன்னது என்ன என்பதை இங்கே எழுதப் போவதில்லை.